மிச்சமான மூன்று மணி நேரம்

காரைக்குடி ஸ்டேஷன் ரோட்டில் எங்கள் லாட்ஜுக்கு
இருபத்திரண்டு அறை.
பதினேழு வருஷமாக நான் மேனேஜர்.
சாவிக் கொத்தைத் தூக்கிப் பார்த்தே
அன்றைய வசூலைச் சொல்லிவிடுவேன்.
இலேசாக இருந்தால் நல்ல நாள்.

புது ரயில் விட்டதிலிருந்து
கொத்து கனக்கிறது.

சென்னைக்கு ஏழு மணி நேரம் என்று இருந்தது
நாலாகிவிட்டது.
மருந்துக் கம்பெனி பெஞ்சமின்
மாதம் இரண்டு ராத்திரி நூற்று நாலில் தங்குவார்.
இப்போது ஒன்பதரைக்கு இறங்குகிறார்,
எட்டு டாக்டரைப் பார்க்கிறார்,
ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாம்பரத்தில் இருக்கிறார்.
போகிற போக்கில் ஒரு வணக்கத்தை
வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.
வணக்கத்துக்கு ரசீது போட முடியாது.

அந்த இரண்டு ராத்திரியை
ஒருநாள் பிரித்துப் பார்த்தேன்.
வாடகை முதலாளிக்கு.
சட்டை இரண்டு பேன்ட் ஒன்று, தேய்க்கிற சந்தனத்துக்கு.
நாலு இட்லி கெட்டிச் சட்னி, அமலோற்பவம் மெஸ்ஸுக்கு.
புதுவயல் போக வர, ஆட்டோ ராசுவுக்கு.
கொசுவத்திச் சுருள் எதிர்க்கடைக்கு.
ஐந்து வீட்டு உலையில்
அவருடைய தூக்கம் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

முதலாளி சாத்தப்பன்
செல்போனிலேயே ஐந்தொகை போடுகிறவர்.
“ஆளுக்கு மூணு மணி நேரம் மிச்சம்னா
ஒரு வண்டிக்கு எவ்வளவு?
எங்கேயாவது வரவாகி இருக்கணுமே,
தேடிப் பாரும் அடைக்கலம்” என்றார்.

தேடினேன்.

அமலோற்பவம் இட்லித் தட்டை
மூன்றரைக்கே ஏற்றுகிறாள்.
முதல் ஈடு, ஐந்து மணி வண்டிக்காரர்களுக்கு.
வேலை திருச்சியில், வீடு இங்கே.
ஐம்பது நிமிஷமாம்,
பஸ்ஸில் புதுக்கோட்டைகூட எட்டாத நேரம்.
அங்கே வாங்கிய சம்பளத்தில் இங்கே பால் வாங்குகிறார்கள்:
வரவு.
ஜவுளியும் நகையும் அங்கேயே முடித்து
பையோடு இறங்குகிறார்கள்:
பற்று.
கண்டனூர்ப் பக்கம் செண்டு விலை இரண்டு மடங்கு.
அது வரவா பற்றா என்பது
பத்திரத்தில் எந்தப் பக்கம் கையெழுத்து என்பதைப் பொறுத்தது.
சென்னை எலும்பு டாக்டர் புதன்தோறும் வருகிறார்.
எங்கள் குழந்தை டாக்டர் சென்னைக்கே போய்விட்டார்.

வாய்க்கால் பள்ளம் பார்த்துத்தான் ஓடும்.
தண்டவாளம் இரண்டு பக்கமும் ஓடும் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
பணத்துக்கும் ஒரு சரிவு இருக்கிறது போல.
எங்கே ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறதோ
அந்தப் பக்கம்.

ஐப்பசி மழையில் குடையை மடக்கிக்கொண்டு
சபுரா என்று ஒரு பெண் வந்தாள்.
புதுவயல் அரிசி மில் கணக்கர் மகள்.
மாடி முழுக்க வேண்டும், மாத வாடகை,
கட்டில் வேண்டாம், பதினோரு மேசை.
பெரிய கம்பெனிகளுக்கு வரிக் கணக்கு எழுதுகிறார்களாம்.
அதற்கு எதற்கு இந்த ஊர் என்றேன்.
“கூப்பிட்டா மத்தியானத்துக்குள்ள போய் நிக்கலாம்ல.
சீக்கிரம் போக முடியிறதாலதான் சார்
இங்கேயே இருக்க முடியுது.”

கட்டில்களைப் பழைய விலைக்குத் தள்ளினோம்.
நூற்று நாலின் சுவரில்
பெஞ்சமினின் தலையெண்ணெய் வட்டம்;
அதன்மேல் இப்போது ஒரு நாட்காட்டி.
மாடிப் பிள்ளைகள் மதியம் மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள்.
துணியை வீட்டிலேயே தேய்த்துக்கொள்கிறார்கள்.
சந்தனத்தின் பக்கத்தில் மட்டும்
இன்னும் தொகை விழவில்லை.

போன செவ்வாய்க்கிழமை
பெஞ்சமின் உள்ளே வந்தார்.
முகம் கழுவ, சட்டை மாற்ற
ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா என்றார்.
கீழே மூன்றாம் எண்ணைத் திறந்துவிட்டேன்.
அறுபது ரூபாய். வாயில் வந்த விலை.

ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
பெயர் எழுதினேன், தொகை எழுதினேன்.
தங்கிய நாட்கள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வெளியே
வண்டி வந்த சத்தமும் போன சத்தமும்
ஒன்றாகவே கேட்டன.